கார் ஏசி கேஸ் எங்கே போகிறது? அறிகுறியை வைத்துக் கசிவைப் பிடிக்கும் வழி

சித்திரை வெயில் தொடங்கியதும் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் காரைவிட்டு இறங்குவார்கள்: "கூலிங் இல்லை, கேஸ் மட்டும் அடிச்சுக் கொடுத்துடுங்க." போன வருடம் அப்படி வந்தவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். "தம்பி, மூணு வருசமா சித்திரைக்குச் சித்திரை கேஸ் போடுறேன். பெட்ரோல் மாதிரி இதுவும் தீர்ந்துபோகும்னு சொன்னாங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று தடவை பணம் வாங்கியவர், ஒரு தடவைகூடக் கசிவு எங்கே என்று பார்க்கவில்லை.

கார் ஏசியில் கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், சூட்டை வெளியே விடும் கண்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என்று மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், கம்ப்ரசரின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் போவது இயல்பு. ஒற்றைக் கூலிங் காயில் உள்ள கார் ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் விதியே கொண்டுவந்தது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் மொத்தக் கேஸே 350 முதல் 500 கிராம்தான். அதனால் வருடா வருடம் கூலிங் போகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸ் எவ்வளவு நாளில் போகிறது, கூடவே எண்ணெய் எங்கே தெரிகிறது, இந்த இரண்டையும் கவனித்தால் அந்த ஓட்டை இருக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில், கேஸ்தான் குறைவா?

கூலிங் இல்லை என்றாலே கேஸ் இல்லை என்று அர்த்தமில்லை. காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசியும் சருகும் அடைத்திருக்கும்.

ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன் மேல். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, முன்பக்கக் கண்டென்சர் மேல் தண்ணீரைத் தெளியுங்கள். உள்ளே உடனே குளிர் கூடினால் பெரும்பாலும் ஃபேன் ஓடவில்லை, அல்லது கண்டென்சர் அழுக்கில் அடைத்திருக்கிறது. அழுத்தம் காட்டும் மீட்டரை ஏசி பைப்பில் மாட்டினால் அதிலும் இது தெரியும். ஃபேன் கோளாறு என்றால் கம்ப்ரசர் கேஸை அழுத்தித் தள்ளும் ஹை சைடு அழுத்தம் எகிறும். கேஸ் குறைவு என்றால் அதுவும், கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் லோ சைடும் சேர்ந்து தாழ்ந்திருக்கும்.

கம்ப்ரசரை எஞ்சினோடு சேர்க்கும் கிளட்ச் "டக்" என்று பிடித்து, சில நொடியில் விட்டு, மறுபடியும் பிடித்தால் அது கேஸ் குறைவின் பழைய அடையாளம். அழுத்தம் தாழ்ந்ததும் சுவிட்ச் கம்ப்ரசரைக் காப்பாற்ற அதை நிறுத்துகிறது. டேஷ்போர்டுக்குள் "ஸ்ஸ்" என்ற சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்பதும் இதோடு சேரும். கிளட்ச் பிடிக்கவே இல்லை என்றால் ஃபியூஸையும் ரிலேயையும் பார்த்துவிட்டு மீட்டரை மாட்டுங்கள்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

எஞ்சின் ஆறி, ஏசி ஓடாமல் சில மணி நேரம் நின்ற காரில் மீட்டரை மாட்டினால் இரண்டு முள்ளும் ஒரே அளவைக் காட்டும். ஆர்134ஏ என்ற குளிர்பதனக் கேஸ் உள்ள காரில் அந்த அளவு வெளி வெப்பத்தைப் பொறுத்தது. 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114. உள்ளே ஒரு சொட்டு திரவம் மிச்சமிருக்கும்வரை இந்த எண் மாறாது. 400 கிராம் இருந்தாலும் அதேதான், 200 கிராம் இருந்தாலும் அதேதான். "அழுத்தம் சரியா இருக்கு, கேஸ் ஃபுல்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 35 டிகிரி வெயிலில் முள் 50இல் நின்றால் திரவம் முழுக்கப் போய் வெறும் ஆவிதான் மிச்சம். அது பெரிய இழப்பு.

எவ்வளவு போயிருக்கிறது என்று சரியாகத் தெரிய ஒரே வழி எடை. காரில் உள்ள கேஸை ரெக்கவரி மெஷினால் உறிஞ்சி இழுத்து எடை பார்க்க வேண்டும். பானட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு அளவு எழுதியிருக்கும். 400 இருக்க வேண்டிய இடத்தில் 220 வந்தால், கடைசியாக நிரப்பிய தேதியிலிருந்து கணக்குப் போட்டுக் கசிவின் வேகத்தைச் சொல்லிவிடலாம். அதற்காகத்தான் மெஷின் இருக்கும் பட்டறைக்குப் போங்கள் என்று சொல்கிறேன். ஸ்பேனரை வைத்துக் கேஸை வெளியே திறந்துவிடுகிற இடத்தில் கணக்கும் போகிறது, காற்றும் கெடுகிறது. ஆர்134ஏ கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

கையில் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தக் கேஸ் திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எந்த இணைப்பையும் தளர்த்தாதீர்கள். பக்கத்தில் நெருப்பும் சிகரெட்டும் கூடாது, சூட்டில் இது விஷ வாயுவாகப் பிரியும்.

கேஸ் போட்டு ஒரு வாரம்கூட நிற்கவில்லை

இது பெரிய கசிவு. பிடிப்பதற்கு எளிதானதும் இதுதான். கண்ணும் சோப்பு நுரையுமே போதும்.

கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் வட்டத்துக்குள் சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் வெளியே வந்து, அதில் சாலைத் தூசி ஒட்டிக் கருப்புப் படலமாகும். டார்ச் அடித்து அந்தக் கறையைத் தேடுங்கள். முதலில் கண்டென்சர். வண்டியின் மூக்கில் இருப்பதால் லாரி டயர் எறியும் கல் எல்லாம் அதன் மேல்தான் விழும். தகடு போன்ற மெல்லிய அலுமினியக் குழாயில் குண்டூசி முனை அளவு துளை போதும். கீழ் மூலைகளில் சேறு தங்கி அரித்திருக்கும். அங்கே தனியாகப் பாருங்கள். கடற்கரையோர ஊர்களில் ஓடும் வண்டி என்றால் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவிடும்.

அடுத்து அலுமினியப் பைப்புகள். கிளிப் கழன்று சேஸியிலோ பேட்டரி தட்டிலோ உரசிக்கொண்டிருந்த பைப், உரசிய இடத்தில் ஓட்டையாகும். சமீபத்தில் கிளட்ச் வேலையோ பம்பர் வேலையோ நடந்த வண்டி என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

சோப்பு நுரைக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கலக்குங்கள். பிரஷ்ஷால் இணைப்பைச் சுற்றித் தடவிவிட்டு உடனே நகரக் கூடாது. பெரிய ஓட்டை உடனே குமிழி விடும். சின்ன ஓட்டை பத்து நிமிடம் கழித்து வெள்ளைப் பஞ்சு போல நுரை கட்டும். அதைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சிஸ்டம் முழுக்கக் காலி என்றால் கேஸை ஏற்றித் தேடுவது வீண். நைட்ரஜனை ஏற்றுங்கள். சிலிண்டருக்குள் 2,000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டவே கூடாது. 150 பிஎஸ்ஐ வைத்து நுரை தடவுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஈரம் உள்ளே போவது ஒரு கெடுதல். அதைவிட முக்கியம், ஆர்134ஏ மிச்சத்தோடு அழுத்தத்தில் காற்றுக் கலந்தால் தீப்பிடிக்கலாம். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கமே போகக் கூடாது.

இரவு முழுக்க நைட்ரஜனில் வைத்துக் காலையில் முள் இறங்கியிருந்தால் உடனே பதறவும் வேண்டாம். மாலை 35 டிகிரி, விடிகாலை 25 டிகிரி என்றால் வெப்பம் குறைந்ததாலேயே 150இல் 5 பிஎஸ்ஐ அளவு இறங்கும். அதற்கு மேல் இறங்கினால்தான் கசிவு.

ஒன்றிரண்டு மாதம் தாங்குகிறது

இங்கே இணைப்புகளும் சீல்களும் வருகின்றன. பைப் கம்ப்ரசரில் சேருமிடம், கண்டென்சரில் சேருமிடம், எக்ஸ்பான்ஷன் வால்வில் சேருமிடம், இங்கெல்லாம் உள்ளே ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, வட்டமாக இருந்தது தட்டையாகிவிடும். அப்புறம் ஹோஸில் ரப்பரும் அலுமினியமும் சேரும் கிரிம்ப் வளையம். அங்கே எண்ணெய் கசிந்து ஹோஸ் முழுக்க ஈரமாகத் தெரிந்தால் ஹோஸையே மாற்ற வேண்டும்.

பலர் பார்க்காமல் விடுவது கேஸ் ஏற்றும் பின் (ஊசி) வால்வு. டயர் வால்வு போன்ற அதே அமைப்பு. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள், குமிழி மேலே வந்தால் கண்டுபிடித்தாயிற்று. சின்னப் பாகம், இது பழுது என்று தெரியாமல் கம்ப்ரசரையே மாற்றச் சொன்ன கதைகளைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் மூடியும் அலங்காரத்துக்கு இல்லை, உள்ளே ரப்பர் வளையத்தோடு அது இரண்டாவது சீல். தொலைந்திருந்தால் புதிதாகப் போடுங்கள்.

ஷாஃப்ட் சீல் கசிந்தால் கம்ப்ரசர் கிளட்ச் முகத்தில் எண்ணெய் தெரியும். சுழற்சியில் தெறிப்பதால் புல்லிக்கு நேராக, பானட்டின் அடிப்பக்கத்தில் ஒரு கோடாகவும் எண்ணெய் படிந்திருக்கும். எஞ்சின் ஆயிலும் அங்கே தெறிக்கலாம் என்பதால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டி, மறுபடியும் பாருங்கள்.

இந்த அளவுக் கசிவுக்கு யூவி டை, அதாவது புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம், நன்றாக உதவும். சின்ன அளவு டையை உள்ளே செலுத்தி, ஒரு வாரம் ஏசியோடு வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். அப்புறம் இருட்டில் யூவி டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் கசிவிடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். இதில் இரண்டு ஏமாற்றம் உண்டு. சில ரேடியேட்டர் கூலன்டும் யூவி ஒளியில் ஒளிரும். பின் வால்வில் ஹோஸைக் கழற்றும்போது வெளியே வந்த டையும் ஒளிரும். அதனால் டை ஏற்றிய அன்றே பின் வால்வு இரண்டையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கசிவைச் சரிசெய்த பிறகும் பழைய டையைத் துடைக்காவிட்டால் அடுத்த முறை பார்க்கிறவர் அதே இடத்தைத்தான் மறுபடியும் குறை சொல்வார்.

வருடத்துக்கு ஒருமுறை போகிறது, வெளியே எங்கும் எண்ணெய் இல்லை

அந்த ஆசிரியை அம்மாவின் கார் இந்த வகை. எல்லா இணைப்பும் உலர்ந்திருந்தது, கண்டென்சர் சுத்தம், கிளட்ச் முகத்தில் ஒரு துளி இல்லை. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் போகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்.

கூலிங் காயில் எப்போதும் ஈரமாக இருக்கும் பொருள். வேப்ப மரத்தடியிலும் புங்க மரத்தடியிலும் நிறுத்தும் காரில், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துவாரம் வழியாகச் சருகும் தூசியும் போய்க் காயிலில் ஒட்டி, ஈரத்தில் ஊறி அழுகும். அந்த அழுக்கு அலுமினியத்தை ஊசித் துளைகளாக அரிக்கிறது. கசியும் எண்ணெயைக் காயிலில் வழியும் தண்ணீரே கழுவி, வடிகுழாய் வழியாக வெளியே கொண்டுபோய்விடுவதால் கறையே தெரியாது. டை போட்டிருந்தால் அந்த வடிகுழாய் நுனியில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதைப் பிடிக்கச் சரியான கருவி, கசிந்த கேஸை மோப்பம் பிடிக்கும் எலக்ட்ரானிக் டிடெக்டர். ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஏசி ஓடும்போது காயிலுக்குள் 30, 40 பிஎஸ்ஐதான் இருக்கும். நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் அதுவே நம் வெயிலில் 100ஐத் தொடும். ஆகவே காயில், ரிட்டர்ன் ஹோஸ் போன்ற லோ சைடு கசிவைத் தேடும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஓடவிட்டுக்கொண்டே வென்ட்டில் டிடெக்டரைக் காட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுத்தமும் குறைவு, புளோயர் காற்று கசிந்த கேஸையும் அடித்துக்கொண்டு போய்விடும், பிறகு டிடெக்டர் எதைக் கண்டுபிடிக்கும்?

நான் செய்வது இப்படி. காலையில், ஏசி போடாமல் வடிகுழாய் காய்ந்திருக்கும் நேரத்தில் தொடங்குவேன். பட்டறை ஃபேனை நிறுத்திவிட்டு, கார் புளோயரை மட்டும் அதிக வேகத்தில் 15 நொடி ஓட்டி உள்ளே தங்கியிருக்கும் காற்றை வெளியேற்றுவேன். நிறுத்தி, கண்ணாடி எல்லாம் ஏற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். ஆர்134ஏ காற்றைவிடக் கனமானது. காயில் பெட்டியின் அடியில் தேங்கும். பிறகு டிடெக்டர் முனையை வடிகுழாய் வாயிலோ புளோயர் ரெசிஸ்டர் கழற்றிய துளையிலோ நீட்டுவேன். முனைக்குள் தண்ணீர் போனால் சென்சார் கெட்டுவிடும் என்பதால்தான் காலையில் பார்ப்பது. கருவி கத்தினால் நம்பிவிடுவதில்லை. வெளியே எடுத்துச் சுத்தக் காற்றில் அமைதியாகவிட்டு மறுபடியும் நீட்டுவேன். மூன்று தடவையும் கத்தினால்தான் அது கசிவு. காருக்குள் தொங்கும் வாசனைத் திரவத்துக்கும் பிரேக் கிளீனருக்கும்கூட இந்தக் கருவிகள் கத்தும்.

வெளி இணைப்புகளில் தேடும்போதும் இதே கனம் கணக்கில் வர வேண்டும். முனையை இணைப்பின் அடிப்பக்கமாக, ஐந்து மில்லிமீட்டர் நெருக்கத்தில், ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில் நகர்த்துங்கள். வேகமாக வீசினால் ஒன்றும் கிடைக்காது.

காயிலை மாற்ற டேஷ்போர்டை இறக்க வேண்டும் என்பதால் பல கார்களில் ஒரு முழு நாள் வேலை, செலவும் அதிகம். டிடெக்டர் மட்டும் சொன்னதை வைத்து நான் டேஷ்போர்டைத் தொடுவதில்லை. எஞ்சின் பக்கச் சுவரில் காயிலுக்குப் போகும் இரண்டு பைப்பையும் கழற்றி, காயிலை மட்டும் தனியாக அடைத்து, நைட்ரஜன் ஏற்றி இரவு முழுக்க வைத்துப் பார்ப்பேன். அந்த அம்மாவின் காரில் விடிவதற்குள் 150 இருந்தது 90க்கு வந்திருந்தது. அதை அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். "இதை முதல் வருசமே காட்டியிருந்தா ஆச்சே தம்பி" என்றார். பழைய காயிலை வெல்டிங் வைத்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். ஒரு துளை தெரியும் இடத்தில் பத்து துளை தயாராகிக்கொண்டிருக்கும், நான் செய்து தருவதில்லை.

நிறுத்தி வைத்த காரில் போய்விட்டது

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் நிறுத்திவிட்டுப் போகும் கார், மழைக்காலம் முழுக்க ஏசி போடாத கார், இரண்டிலும் இது வரும். ஷாஃப்ட் சீலில் எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் அது கேஸைப் பிடித்து நிறுத்தும். ஓடாமல் நின்றால் படலம் வற்றும். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டுங்கள், குளிர் தேவை இல்லாவிட்டாலும்.

வாக்யூம் நின்றது, ஆனாலும் கேஸ் போகிறது

கேஸ் ஏற்றும் முன் பம்ப் வைத்து சிஸ்டத்தை வெற்றிடமாக்குவதுதான் வாக்யூம். "அரை மணி நேரம் வாக்யூம் வைத்தேன், முள் அசையவில்லை, லீக் இல்லை" என்பது கார் ஏசி வேலையில் அதிகம் ஏமாற்றும் வாக்கியம். வாக்யூமில் வெளிக்காற்று உள்நோக்கித் தள்ளும் அழுத்தம் 15 பிஎஸ்ஐகூட இல்லை. வண்டி ஓடும்போது ஹை சைடில் 200க்கு மேல் வெளிநோக்கித் தள்ளுகிறது. தேய்ந்த ஓ ரிங்கை வாக்யூம் உள்ளே இழுத்து உட்காரவைத்து ஓட்டையை மறைத்துவிடவும் கூடும். வாக்யூம் எடுப்பது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றத்தான், அதற்காக அரை மணிக்குக் குறையாமல் எடுங்கள். முள் பூஜ்யத்தை நோக்கித் திரும்பினால் பெரும்பாலும் கசிவுதான், அதுவும் மீட்டர் ஹோஸின் வாஷர் நன்றாக இருந்தால்தான். முள் நின்றால் அது எதையும் நிரூபிக்கவில்லை.

ரிப்பேருக்குப் பிறகு மறுபடியும்

பெரும்பாலும் பழைய ஓ ரிங்கையே திரும்பப் போட்டிருப்பார்கள். கழற்றிய ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ ரிங், அந்த காருக்குரிய அளவில், ஏசி எண்ணெய் தடவிப் போட வேண்டும். இரண்டு ஸ்பேனர் பிடித்து இறுக்காவிட்டால் அலுமினியப் பைப் முறுகி அங்கேயே விரிசல் விடும். சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுங்கள்.

கசிவை அடைக்கும் மருந்து என்று விற்கும் டப்பாவை உள்ளே செலுத்த வேண்டாம். அது எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், ரெக்கவரி மெஷினையும் கெடுக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத சிலிண்டரையும் வாங்காதீர்கள். 2011இல் கப்பலில் போகும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்134ஏ என்று ஏற்றிய போலிக் கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது, அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்தது. புது மாடல் சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் இருக்கிறது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, அதற்கென்று செய்த டிடெக்டரும் மெஷினும் வேண்டும். மின்சாரக் காரின் ஏசியைப் பழக்கம் இல்லாதவர் தொடக் கூடாது. அந்த கம்ப்ரசருக்கு மின்சாரத்தைக் கடத்தாத தனி எண்ணெய், வழக்கமான எண்ணெயோ டையோ கலந்தால் உயர் அழுத்த மின்சாரம் கசிய வழியாகும்.

கசிவு சரியானதும் ஸ்டிக்கரில் உள்ள அளவை எடை பார்த்து ஏற்றுங்கள், மீட்டர் முள்ளைப் பார்த்து அல்ல. போன எண்ணெய்க்கு ஈடாகப் புது எண்ணெயும் சேருங்கள். ஏற்றி முடித்த பிறகு பின் வால்வு இரண்டிலும், கைவைத்த எல்லா இணைப்பிலும் டிடெக்டரை இன்னொரு முறை காட்டுங்கள். பிறகு தேதி, ஏற்றிய கிராம், எந்தப் பாகம் மாற்றியது என்று மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பானட் அடியில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து எப்போதாவது கூலிங் குறைந்தால், மெஷினில் வரும் எடையை அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுத்தான் தேடலைத் தொடங்க வேண்டியிருக்கும்.